அனுப்பிய விண்ணப்பம் என்ன ஆனது?

அரசு ஊழியர்களுக்கு வகுப்பு எடுக்க என்னை அழைக்கும் அதிகாரிகள் பெரும்பாலும் ஒரே குறையைத்தான் சொல்வார்கள். "ஆள் இருக்கிறார்கள், வேலையில் மனசு இல்லை. கொஞ்சம் ஊக்கப்படுத்திவிட்டுப் போங்கள்." பணி உளவியல் என் துறை. அந்த வகுப்பை ஒரு கேள்வியோடுதான் தொடங்குவேன்: கடைசியாக எந்த நாள் மன நிறைவோடு வீட்டுக்குப் போனீர்கள்? எழுதித் தாருங்கள், பெயர் வேண்டாம்.

சம்பள உயர்வு வந்த நாளை எழுதுபவர்கள் உண்டு. ஆனால் அதிகம் வருவது, பல மாதம் இழுத்துக்கொண்டிருந்த ஒரு மனு தன் கையில் முடிந்த நாள்தான். ஒரு முறை ஒரு தாளில், "அப்படி எந்த நாளும் ஞாபகம் வரவில்லை" என்று மட்டும் இருந்தது. எழுதியவரே இடைவேளையில் வந்து பேசினார். கணவரை இழந்தவர்களுக்கான உதவித்தொகை விண்ணப்பங்களைச் சரிபார்த்து மேலே அனுப்புவது அவர் வேலை. ஒன்பது வருடமாக அதே இருக்கை. "மேலே போனதுக்கு அப்புறம் என்ன ஆகிறதென்றே தெரியாது" என்றார்.

அவருடைய பிரிவு அதிகாரியிடம் பேசி, ஒரு மாதத்து முடிவுகளை மட்டும் அவருக்குக் காட்டச் சொன்னேன். தள்ளுபடியானவற்றில் பல, வங்கிக் கணக்கில் ஒரு பெயரும் விண்ணப்பத்தில் வேறு பெயரும் இருந்ததால் திரும்பியவை. "இதை நான் முதல் நாளே சொல்லித் திருத்தி வாங்கியிருப்பேனே" என்று அவர் பதறிய பதற்றம் இன்னும் கண்ணில் நிற்கிறது. இவரைத்தான் அந்த அலுவலகம் மனசு இல்லாதவர் என்று எண்ணிக்கொண்டிருந்தது.

பொதுமக்களுக்குப் பயன்பட வேண்டும் என்ற உந்துதல் சிலரை அரசு வேலைக்கு இழுக்கிறது என்று பொது நிர்வாக ஆய்வாளர்களான ஜேம்ஸ் பெரியும் லோயிஸ் வைஸும் 1990-இல் எழுதினார்கள். பொதுச்சேவை ஊக்கம் என்று அதற்குப் பெயர். 1996-இல் பெரி அதை அளக்க ஒரு கேள்வித்தாளும் உருவாக்கினார். வேலையில் சேரும்போது இருக்கும் இந்த உந்துதல் ஏன் வற்றுகிறது என்பதுதான் என் கவலை. நான் பார்த்த அலுவலகங்களில் காரணம் பெரும்பாலும் இரண்டுதான். செய்த வேலையின் முடிவு கண்ணில் படுவதில்லை. செய்யும் விதத்தைப் பற்றிச் சொல்ல வாய்ப்பும் இல்லை.

இங்கே ஒரு எச்சரிக்கை. ஒரு நாட்டு ஊழியரையும் இன்னொரு நாட்டு ஊழியரையும் மதிப்பெண் வைத்து ஒப்பிடுவதை நான் நம்புவதில்லை. பெரியின் அளவுகோலைத் திருத்தி 12 நாடுகளில் பயன்படுத்திப் பார்த்த ஆய்வு 2013-இல் வெளியானது. ஒரே கேள்விகளை எல்லா இடத்திலும் மக்கள் ஒரே பொருளில் எடுத்துக்கொள்ளவில்லை என்பது அதில் தெரிந்தது. பணி ஈடுபாட்டை அளக்கும் உட்ரெக்ட் அளவுகோலிலும் இதே சிக்கல்தான். அதில் ஜப்பானியர்களின் மதிப்பெண் குறைவாகவே வரும். அவர்களையும் நெதர்லாந்து ஊழியர்களையும் ஒப்பிட்ட 2010 ஆய்வு, நல்ல உணர்வுகளை வெளியே காட்டிக்கொள்ளாத பழக்கம் அதற்குக் காரணமாக இருக்கலாம் என்றது. "என் வேலையில் எனக்கு உற்சாகம் பொங்குகிறது" என்று ஒருவர் டிக் செய்யாததால் அவருக்கு வேலையில் பற்று இல்லை என்று ஆகிவிடாது. மேலதிகாரிக்குப் பயந்த அலுவலகத்தில் எல்லாக் கட்டத்திலும் 'ஆம்' என்று விழும். அது இன்னும் மோசம்.

சொல்ல வாய்ப்பு என்றேன் அல்லவா, அதற்கும் ஒரு படி மேலே, முடிவெடுக்கும் உரிமையே கொடுத்தால் பலன் உண்டு என்பதற்குச் சான்று இருக்கிறது. நைஜீரிய அரசுத் துறைகளின் ஆயிரக்கணக்கான திட்டங்களைப் பொருளாதார அறிஞர்களான இம்ரான் ரசூலும் டேனியல் ரோஜரும் ஆராய்ந்து 2018-இல் வெளியிட்டார்கள். ஊழியர்களுக்கு முடிவெடுக்கும் உரிமை அதிகம் இருந்த இடங்களில் திட்டங்கள் அதிகம் முடிந்திருந்தன. கண்காணிப்பும் ஊக்கத்தொகை ஏற்பாடும் கூடிய இடங்களில் குறைவாக முடிந்திருந்தன. பாகிஸ்தானின் பஞ்சாப் மாகாணத்தில் அலுவலகப் பொருட்கள் வாங்கும் அதிகாரிகளுக்குக் கூடுதல் உரிமை கொடுத்துப் பார்த்தபோது, தரம் குறையாமலே விலை சுமார் 9 சதவீதம் இறங்கியது.

கண்காணிப்பே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஆனால் ராஜஸ்தானின் உதய்ப்பூரில் நடந்ததை வகுப்பில் தவறாமல் சொல்வேன். அங்கே நர்ஸ்களின் வருகையை நேர முத்திரை இயந்திரம் வைத்துப் பதிந்து, பாதி நாளுக்கு மேல் வராதவர்களுக்குச் சம்பளம் பிடிக்க ஏற்பாடு செய்தார்கள். முதலில் வருகை கூடியது. அப்புறம் 'விலக்கு நாட்கள்', அதாவது வராவிட்டாலும் கணக்கில் சேராத நாட்கள், பெருகின. 16 மாதத்தில் திட்டம் பலனற்றுப் போனது.

சரி, பணம்? சம்பளம் தாமதமாகும் இடத்தில் ஈடுபாடு பற்றி வகுப்பு எடுப்பது நியாயமே இல்லை. பதவி உயர்வு ஆசையும் இழிவானதல்ல. ஜாம்பியாவில் சமுதாய சுகாதாரப் பணியாளர்களைச் சேர்க்கும்போது, சில மாவட்டங்களில் சமூக சேவையை முன்வைத்தும் சில மாவட்டங்களில் தொழில் முன்னேற்றத்தை முன்வைத்தும் விளம்பரம் செய்தார்கள். முன்னேற்றத்தைப் பார்த்து வந்தவர்கள் 29 சதவீதம் அதிகமாக வீடு வீடாகப் போனார்கள். சேவை மனமும் முன்னேறும் ஆசையும் ஒரே ஆளிடம் சேர்ந்தே இருக்கலாம்.

கருத்துக் கேட்கும் முறையில்தான் பண்பாடு முக்கியமாக நுழைகிறது. படிநிலை கெட்டியாக இருக்கும் அலுவலகத்தில், இருபது பேர் முன்னால் "யாருக்காவது யோசனை இருக்கிறதா?" என்று கேட்டால் எல்லோரும் குனிந்துகொள்வார்கள். யோசனை இல்லை என்று அதிகாரி முடிவுகட்டிவிடுவார். அங்கே தனியாகக் கேட்க வேண்டும், அல்லது எழுதி வாங்க வேண்டும், அல்லது மூன்று நான்கு பேராகச் சேர்ந்து ஒரே குரலில் சொல்ல விட வேண்டும். நேருக்கு நேர் மறுத்துப் பேசுவது மரியாதைக் குறைவாகப் படாத இடங்களில் கூட்டமே போதும்.

எப்படிக் கேட்டாலும் பதில் போக வேண்டும். எழுதிக் கொடுத்த யோசனையும் மேலே அனுப்பிய விண்ணப்பம் மாதிரிதான், என்ன ஆனதென்று தெரியாவிட்டால் அடுத்த முறை யாரும் எழுத மாட்டார்கள். ஒரு வாரத்துக்குள் பதில் சொல்லுங்கள் என்று அதிகாரிகளிடம் கேட்டுக்கொள்கிறேன். முடியாது என்பதே பதிலாக இருந்தாலும், ஏன் முடியாது என்பதை இரண்டு வரியில் எழுதிக் கொடுங்கள்.