சொல் விளக்கம்: தனிமனிதவாதம்

கொழும்பில் உளவளத்துணை பற்றியோ இளைஞர் பற்றியோ மும்மொழியில் நடக்கும் செயலமர்வு எதற்குப் போனாலும், காதில் மாட்டிய கருவியைத் தமிழுக்குத் திருப்பிய சற்று நேரத்தில் 'தன்னலவாதம்' என்ற சொல் வந்து விழுகிறது. பேச்சாளர் ஆங்கிலத்தில் சொன்னது 'இன்டிவிஜுவலிசம்', அதாவது தனி ஆளை முதன்மையாக வைக்கும் கொள்கை. நான் தனிமனிதவாதம் என்பது அதையே. சிங்கள உரைபெயர்ப்பாளர் அதைப் 'புத்கலவாதய' என்று சொல்லித் தடையின்றிக் கடந்துபோகிறார். அங்கே 'புத்கல' என்றால் ஆள். அந்த ஆள் நல்லவரா கெட்டவரா என்ற பேச்சு அச்சொல்லுக்குள் இல்லை. தமிழில் கேட்பவர்களுக்கு மாத்திரம் ஒரு கோட்பாட்டின் பெயர் குற்றப்பத்திரிகையாக வந்து சேர்கிறது. அண்மையில் ஒரு தொண்டு நிறுவனத்தின் கைந்நூலில் இச்சொல் அத்தியாயத் தலைப்பாகவே அச்சேறியிருக்கக் கண்டேன்.

சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இலத்தீனில் 'இன்டிவிடுவும்' என்றால் பகுக்க முடியாதது. கிரேக்கர் 'அதொமொஸ்' என்ற அணுவை இலத்தீனில் சொல்ல உரோம அறிஞர் சிசரோ கையாண்ட சொல் அது. பிற்காலத்தில் அது சமூகத்தின் மீது ஏறி, மேலும் பகுக்க இயலாத அலகாகிய ஓர் ஆளைக் குறிக்கலாயிற்று. 'இசம்' என்ற ஒட்டுடன் அது பிரான்சில் 1820களில் வழக்குக்கு வந்தது. பிரெஞ்சுப் பெரும்புரட்சி சமூகத்தைத் துகள் துகளாக உடைத்துவிட்டது என்று கவலைப்பட்டவர்களே அதை முதலில், அதுவும் வசையாக, வழங்கினர். ஆகவே தன்னலவாதம் என்று எழுதுவோருக்கு ஒரு சாக்கு இருக்கத்தான் செய்கிறது.

ஆனால் அந்தச் சாக்கு 1840உடன் தீர்ந்துவிட்டது. அமெரிக்கக் குடியாட்சியைப் பற்றிய தம் நூலின் இரண்டாம் பகுதியை அவ்வாண்டில் வெளியிட்ட பிரெஞ்சுச் சிந்தனையாளர் அலெக்சி டி டோக்வில், தன்னலம், இன்டிவிஜுவலிசம் என்ற இரண்டு சொற்களையும் எதிரெதிரே நிறுத்தியே வரையறுத்தார். தன்னலம் என்பது எல்லாவற்றுக்கும் மேலாகத் தன்னையே விரும்பும் மிதமிஞ்சிய பற்று. உலகம் தோன்றிய நாள் முதல் உள்ள தீமை. மற்றையதோ ஒரு புதிய கருத்தின் பிள்ளை: ஒவ்வொரு குடிமகனும் அமைதியாக, யோசித்து, பெருங்கூட்டத்திலிருந்து விலகித் தன் குடும்பமும் நண்பரும் அடங்கிய சிறு வட்டத்துக்குள் ஒதுங்கிக்கொள்ளும் மனப்பான்மை. டோக்வில் இதைப் புகழவில்லை. இது வளர்ந்தால் ஈற்றில் தன்னலத்தில் போய்க் கலக்கும் என்று எச்சரிக்கவே செய்தார். என்றாலும் ஒன்று மற்றொன்றில் போய்க் கலக்கும் என்று அஞ்சுகிறவர் அவை இரண்டும் வேறு என்பதை ஏற்றுக்கொண்டவர் என்பது வெளிப்படை.

அந்நூலை அதே ஆண்டில் ஆங்கிலத்தில் பெயர்த்த ஹென்றி ரீவின் முன் தன்னலத்தைக் குறிக்கும் நல்ல ஆங்கிலச் சொற்கள் ஆயத்தமாகவே கிடந்தன. அவர் அவற்றைத் தொடவில்லை. இதற்கு நேரான ஆங்கிலச் சொல் எதையும் தாம் அறியாததால், ஆங்கிலக் காதுக்கு விநோதமாக ஒலித்தாலும் மூலச் சொல்லையே ஏற்பதாக அடிக்குறிப்பு எழுதி வைத்தார். அவர் காட்டிய அந்தத் தயக்கத்தில் கால்வாசியாவது நம் கைந்நூல்காரருக்கு இருந்திருக்கலாம்.

உளவியலுக்கு வந்தால் கேடு இன்னும் கூடுகிறது. அத்துறையில் இச்சொல் கேட்பது ஒருவர் 'நான்' என்பதன் எல்லைக்கோட்டை எங்கே வரைகிறார் என்பதை. உளவியலாளர்களான ஹேசல் மார்க்கசும் ஷினோபு கிடயாமாவும் 1991இல் எழுதிய கட்டுரை, தன் இயல்புகளைக் கொண்டே தன்னை அறியும் 'நான்' ஒன்றையும், பிறரோடுள்ள உறவைக் கொண்டு தன்னை அறியும் 'நான்' ஒன்றையும் பிரித்துக் காட்டியது. 'நான் கூச்ச சுபாவம் உள்ளவள்' என்பது ஒருவகை விடை. 'நான் வீட்டுக்கு மூத்த பிள்ளை' என்பது இன்னொருவகை விடை. இரண்டாவது விடையைச் சொல்பவர் காணிப் பங்கீட்டில் தம்பிமாரை ஏமாற்றியவராகவும், முதலாவதைச் சொல்பவர் ஊருக்கே உழைப்பவராகவும் இருக்கலாம். பிறரை நம்பியிருப்பதைவிடத் தன்னை நம்பியிருக்க விரும்புகிறேன் என்ற வாக்கியத்துக்கு எந்த அளவுக்கு உடன்படுகிறீர்கள் என்று கேட்டால் மனிதர் யோசித்து விடை சொல்வார்கள். அந்த வினாக்கொத்தின் தலைப்பிலே தன்னலவாதம் என்று போட்டுக் கையில் கொடுத்தால், நம்மவர்களில் ஒருவராவது 'முற்றிலும் உடன்படுகிறேன்' என்ற பெட்டியில் அடையாளமிடுவாரா? பிறகு அந்த விடைகளைக் கூட்டிக் கழித்துத் தமிழர் கூட்டாக வாழும் இயல்பினர் என்று அறிக்கை எழுதுவார்கள்.

அந்தக் கைந்நூலில் எடுத்துக்காட்டாக வரும் பெண் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து வெள்ளவத்தையில் அறை எடுத்துத் தங்கி வேலைக்குப் போகிறாள். சம்பளத்தில் பாதியை வீட்டுக்கு அனுப்புகிறாள். கலியாணப் பேச்சு வந்தபோது, 'எனக்கெண்டு ஒரு முடிவை நானே எடுக்கவேணும்' என்கிறாள். அதன் கீழே தடித்த எழுத்தில் அச்சிட்டிருக்கிறார்கள்: தன்னலவாத மனப்பாங்கு. இதைப் படித்துப் பயிற்சி பெறும் உளவளத்துணையாளர், நாளை தம் முன் வந்து அமரும் பெண்ணின் பேச்சை எந்தக் காதால் கேட்பார்? மாதா மாதம் காசு அனுப்பும் பிள்ளையை எந்தத் தமிழ் அகராதியை வைத்துக்கொண்டு தன்னலக்காரி என்பது?

நம் மரபில் தனி ஆளுக்கு இடமே இல்லை, ஆகையால் அதற்குச் சொல்லும் இல்லை என்று சிலர் வாதாடுவதுண்டு. தமிழ்நாட்டில் பிறமலைக் கள்ளரிடையே களஆய்வு செய்த லூயி துய்மோன் என்ற பிரெஞ்சு மானிடவியலாளர் வேறுவிதமாகக் கண்டார். இந்தியச் சமூகத்தில் சாதிக்கும் உறவுக்கும் வெளியே தனி ஆளாக நிற்பவர் துறவியே என்பது அவர் முடிபு. அவர் சொன்ன எல்லாவற்றையும் நான் ஏற்பவனல்லன், இதை ஏற்கிறேன். யாழ்ப்பாணத்துத் துறவியாகிய யோகர் சுவாமிகள் கிளிநொச்சியில் பார்த்துவந்த களஞ்சியக் காப்பாளர் வேலையை விட்டுவிட்டுக் கொழும்புத்துறையில் ஒரு குடிலில் தமக்குச் சரியென்று பட்டபடி இருந்தார். அவரைத் தன்னலவாதி என்று யாழ்ப்பாணத்தில் நின்று சொல்லிப் பார்க்கட்டும்.

இனி, வேறு பரிந்துரைகள். 'தனிநபர்வாதம்' பொருளில் பிழையற்றது. ஆனால் 'நபர்' அரபுவழி வந்த சொல் என்பதைப் பொறுத்துக்கொண்டாலும், நம் பத்திரிகைகள் 'சந்தேக நபர்' என்று நாள்தோறும் எழுதி அதற்குப் பொலிஸ் நிலைய வாடையை ஏற்றிவிட்டன. 'தனியாள்வாதம்' தூய தமிழை விரும்புவோரின் தெரிவு. ஆட்பதிவுத் திணைக்களத்தின் பெயரிலேயே 'ஆள்' இருப்பதால் நமக்கு அது அந்நியமும் இல்லை. இருந்தும் 'அவர் தனியாள்' என்றால் குடும்பம் குட்டி இல்லாதவர் என்றுதான் எவரும் விளங்கிக்கொள்வார்கள். 'தனித்துவவாதம்' என்பது ஒருவரின் சிறப்பியல்பைப் பேசுவது; அது பக்கத்து வீட்டுச் சொல். எஞ்சுவது தனிமனிதவாதம். 'மனிதன்', 'வாதம்' இரண்டுமே வடமொழிவழி வந்தவை என்பார்கள். உண்மைதான். தூய்மைக்காகத் தெளிவை விற்க எனக்கு விருப்பமில்லை. பகுக்க இயலாத அலகு, அது மனித அலகு, அதை முதன்மையாக வைக்கும் கொள்கை என்று மூன்றும் அதில் வரிசையாக நிற்கின்றன. இனவாதம், பயங்கரவாதம் என்று கேட்டுப் பழகிய நம் நாட்டில் 'வாதம்' என்ற ஒட்டே கொஞ்சம் கசக்கும் என்பதை மறுக்கவில்லை. பொருள்முதல்வாதத்தைத் தாங்கிக்கொண்டவர்கள் இதையும் தாங்கிக்கொள்வார்கள். நேரம் போதாத உரைபெயர்ப்பாளர் நீளத்தைக் காரணம் காட்டவும் வழியில்லை. தன்னலவாதம் ஏழு எழுத்து, இது எட்டு.

எதிர்ச்சொல்லாகிய 'கலெக்டிவிசம்' என்பதற்குக் 'கூட்டுவாதம்' போதும். அதை இதுவரை எவரும் தியாகவாதம் என்று பெயர்க்கவில்லை என்பதில் எனக்குச் சற்று ஆறுதல். கைந்நூலில் இரண்டையும் ஒரே அட்டவணையில் எதிரெதிரே வைத்தவர்களின் மனத்தில் ஓடியது அதுதான் என்றாலும்.