புரொபேஷன் ஆபீசர்: தகுதிகாண் அதிகாரியா, நன்னடத்தை அலுவலரா?

வங்கித் தேர்வுக்குப் படிப்பவர்களுக்கு 'பி.ஓ.' என்றால் புரொபேஷனரி ஆபீசர். சிறார் நீதிக் குழுமத்தின் வாசலில் காத்திருப்பவர்களுக்கோ அது புரொபேஷன் ஆபீசர். வங்கிக்காரர் பிறர் கண்காணிப்பில் இருக்கும் புதியவர். மற்றவர், குற்றம் செய்தும் சிறைக்கு அனுப்பப்படாமல் வெளியே விடப்பட்டவர்களைக் கண்காணிப்பவர். இது தெரியாமல் அமெரிக்கச் செய்தியில் வரும் 'ஸ்கூல் பேஸ்டு புரொபேஷன் ஆபீச'ரைப் 'பள்ளி அடிப்படையிலான தகுதிகாண் அதிகாரி' என்று பெயர்த்தால், புதிதாக வேலைக்குச் சேர்ந்த யாரோ என்றுதான் நாம் நினைப்போம்.

வேர், இலத்தீன் 'புரொபாரே'. சோதித்துப் பார்த்தல், மெய்ப்பித்தல் என்று பொருள். அச்சகத்தில் திருத்துகிற 'புரூஃப்' இதன் உறவுக்காரச் சொல்தான். வேலையில் சேர்ந்தவரைச் சோதிக்கும் காலத்துக்கு நம் அரசாணைகள் 'தகுதிகாண் பருவம்' என்று பெயர் வைத்தன. அருமையான ஆக்கம். ஆனால் அது அலுவலகத்துக்கு உரியது.

நீதிமன்றப் பொருள் பாஸ்டன் நகரில் பிறந்தது. ஜான் அகஸ்டஸ் அங்கே காலணி தைத்து விற்றவர். 1841 ஆகஸ்டில், கந்தல் உடையோடு நீதிமன்றத்தில் நின்ற ஒரு குடிகாரருக்கு அவர் பிணை கொடுத்து அழைத்துப் போனார். இனிக் குடிப்பதில்லை என்று எழுதியும் வாங்கினார். மூன்று வாரம் கழித்து அந்த மனிதர் திரும்பி வந்தபோது ஆளே மாறியிருந்தார். சிறைத் தண்டனை இல்லை; ஒரு சென்ட் அபராதமும் வழக்குச் செலவும் மட்டுமே. சிறைக்கு மாற்றாக ஒருவரை வெளியே வைத்துச் சோதிப்பது என்பதால் அகஸ்டஸே இதைப் 'புரொபேஷன்' என்றார். 1878-ல் மாசசூசெட்ஸ் மாநிலம் இதற்குச் சட்டம் இயற்றியது. 1899-ல் சிகாகோவில் சிறார் நீதிமன்றம் தொடங்கியபோது புரொபேஷன் ஆபீசர் அதன் இன்றியமையாத உறுப்பானார். பரோலோடு இதைக் குழப்பக் கூடாது. பரோல் சிறைக்குப் போனவருக்கு. இது சிறைக்கு அனுப்பாமல் விடப்பட்டவருக்கு.

இந்தியாவில் 1958-ல் வந்த குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டத்தின் பெயரையொட்டித் தமிழ்நாட்டில் 'நன்னடத்தை அலுவலர்' நிலைத்தது. இலங்கையில் 'நன்னடத்தை உத்தியோகத்தர்'. இலத்தீன் வேரில் இருந்த சோதனை இதில் இல்லை, சோதனையின் பலன்தான் இருக்கிறது. அது குறையல்ல என்பேன். பதினைந்து வயதுப் பையனிடம் 'உன்னைச் சோதிக்க வந்தவர்' என்பதைவிட இது எவ்வளவோ மேல்.

பள்ளிக்குள் இவர் வந்தது பிற்பாடு. பென்சில்வேனியாவில் 1990-களில் இந்த ஏற்பாடு பரவியது. நீதிமன்ற அலுவலகத்தில் உட்கார்ந்து எப்போதாவது பையனை வரவழைப்பதற்குப் பதில், அலுவலர் பள்ளியிலேயே ஓர் அறையில் அமர்ந்தார். காலையில் வருகைப் பதிவைப் பார்ப்பார். தம் பொறுப்பில் உள்ள மாணவர் மட்டம் போட்டிருந்தால் அன்றைக்கே வீட்டுக்குத் தொலைபேசி போகும். 'மட்டம் போடுதல்' என்றே சொல்லலாம். 'அனுமதியற்ற வருகையின்மை' என்று யாரும் பேசுவதில்லை. அங்கே ஒழுங்காகப் பள்ளிக்கு வருவதே பல நேரங்களில் நீதிமன்றம் விதிக்கும் நிபந்தனை. மட்டம் போடுவது நிபந்தனை மீறலாகி, பையன் மறுபடி நீதிபதி முன் நிற்க நேரலாம். வகுப்பறைக் குறும்புகூட வழக்கில் போய் முடியும் என்று இதை எதிர்ப்பவர்கள் சொல்வது வெறும் அச்சமல்ல.

தமிழில் என்ன சொல்வது? 'பள்ளி நன்னடத்தை அலுவலர்' என்றால் தலைமையாசிரியர் வைத்துக்கொண்ட ஒழுங்குக் கண்காணிப்பாளர் போலத் தோன்றும். இவர் நீதிமன்றத்தின் ஆள், உட்காரும் இடம் மட்டும் பள்ளி. 'பள்ளியமர் நன்னடத்தை அலுவலர்' எனலாம். நீளம் உறுத்தினால், முதல் முறை 'பள்ளியில் இருந்து பணியாற்றும் நன்னடத்தை அலுவலர்' என்று எழுதிவிட்டு, அடுத்த வரியிலிருந்து 'நன்னடத்தை அலுவலர்' என்றாலே போதும்.