ஐந்து பேருக்கும் தலைவலி

மதுரையில் அரசரடிப் பக்கம் கிளினிக் வைத்திருக்கிறேன். திங்கட்கிழமை காலையில் எனக்கென்று ஒரு தனிக் கூட்டம் வரும். சனி, ஞாயிறில் கொடைக்கானல், மேகமலை, சிறுமலை என்று கிளம்பிப்போன பிள்ளைகள்தான். வயிற்றுப்போக்கு, கணுக்கால் சுளுக்கு, பைக்கில் விழுந்த சிராய்ப்பு, அட்டை கடித்த இடத்தில் நிற்காத ரத்தம். பெரும்பாலும் மருந்து எழுதிக்கொடுத்து, கொஞ்சம் திட்டி அனுப்பினால் போதும்.

இரண்டு வருடம் முன்பு ஜனவரியில் ஒரு திங்கட்கிழமை வந்தவர்கள் வேறு மாதிரி. ஐந்து பையன்கள், கல்லூரிக் கடைசி வருடம். ஒருவனைக் கைத்தாங்கலாக அழைத்து வந்தார்கள். வழியெல்லாம் வாந்தி, மண்டை பிளக்கிற தலைவலி.

“இவனுக்கு மலை ஒத்துக்கல சார்.”

கொடைக்கானல் சுமார் 7,000 அடி. மீட்டரில் 2,100 சொச்சம். உயரத்தால் வரும் நோய் பொதுவாக 2,500 மீட்டருக்கு மேல்தான் தொந்தரவு கொடுக்கும். நேராக விமானத்தில் போய் லே நகரில் இறங்கினவன் சொன்னால் நம்பலாம், அது 3,500 மீட்டர். கொடைக்கானலில் தலைவலி என்றால் கொண்டைஊசி வளைவு, தூக்கமின்மை, தண்ணீர் குடிக்காதது என்று வேறு காரணங்கள்தான் முதலில் ஞாபகம் வரும். விரலில் கிளிப் மாட்டிப் பார்த்தேன். ஆக்சிஜன் 99. கேட்பதற்கு ஒரே ஒரு கேள்விதான் மிச்சம்.

“மத்தவங்களுக்கு எப்படி?”

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஐந்து பேருக்குமே தலைவலி. மற்ற நாலு பேருக்கும் லேசாக இருந்ததால் யாரும் வாயைத் திறக்கவில்லை.

அப்புறம் கதை வெளியே வந்தது. ஆளுக்கு 1,500 ரூபாய் என்று திட்டம். ஊருக்கு வெளியே சின்ன அறை, இரண்டு கம்பளி. கூடுதல் கம்பளி ஒன்றுக்கு 100 ரூபாய் கேட்டிருக்கிறார்கள். மூன்று கம்பளி, 300 ரூபாய், எதற்கு வீண் செலவு? ராத்திரி வெளியே கோழி சுட்ட இரும்புத் தட்டில் கங்கு மிச்சம் இருந்தது. அதை அப்படியே அறைக்குள் தூக்கி வந்து நடுவில் வைத்து, ஜன்னலைச் சாத்தி, கதவுக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்துவிட்டுப் படுத்திருக்கிறார்கள்.

“புகையே வரல சார், வெறும் கங்குதான்.”

புகை வந்திருந்தால் இருமி எழுந்து ஓடியிருப்பார்கள். புகையில்லாத கங்குதான் ஆளை ஏமாற்றும். மூடிய அறையில் காற்று போதாமல் கனலும் கரியிலிருந்து கார்பன் மோனாக்சைடு வரும். நிறம் கிடையாது, வாசனை கிடையாது. ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். விரலில் மாட்டும் கிளிப்புக்கு இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியாது, அதனால்தான் 99 காட்டியது. பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி, ரத்தப் பரிசோதனையில் உறுதி செய்து, பல மணி நேரம் மாஸ்க்கில் ஆக்சிஜன் கொடுத்தார்கள். மலையிலிருந்து இறங்கி வந்த நாலு மணி நேரத்திலேயே பாதி விஷம் மூச்சு வழியாக வெளியேறியிருக்கும். அதற்குப் பிறகும் அந்த நிலைமை.

விடியற்காலை மூன்று மணிக்கு ஒருவன் ஒன்றுக்குப் போக எழுந்திருக்கிறான். திரும்பி வந்தவன் கதவைச் சாத்தாமலே படுத்துவிட்டான். குளிர் தாங்காமல் எல்லாரும் அவனைத் திட்டியிருக்கிறார்கள். அந்தச் சோம்பேறித்தனத்தால்தான் ஐந்து பேரும் என் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். கொடைக்கானல் அறைகளில் இதே மாதிரி கரியோடு படுத்து எழுந்திருக்காத இளைஞர்களைப் பற்றி நாளிதழில் நீங்களும் படித்திருப்பீர்கள்.

காசை மிச்சம் பிடிப்பதில் எனக்கு ஆட்சேபணையே இல்லை. நானும் ஆரப்பாளையத்தில் அரசு பஸ் ஏறி, மடியில் புளிசாதப் பொட்டலத்தோடு போனவன்தான். கொடைக்கானலுக்குச் சொந்த வண்டியில் போனால் இ-பாஸ் வேண்டும், அரசு பஸ்ஸில் போனால் அந்த வேலையும் இல்லை. போடிப் பக்கம் போக 2023 ஜூனிலிருந்து மறுபடி ரயில் ஓடுகிறது. தண்ணீர் பாட்டிலை வீட்டிலிருந்தே எடுத்துப் போங்கள், மலையில் சின்ன பிளாஸ்டிக் பாட்டிலுக்குத் தடை இருக்கிறது. பகல் செலவில் எவ்வளவு வேண்டுமானாலும் பிடியுங்கள். ராத்திரியில் கை வைக்காதீர்கள் என்றுதான் சொல்கிறேன். என்னிடம் வரும் பெரிய தொல்லைகள் எல்லாம் ராத்திரிச் செலவைக் குறைத்ததில் வந்தவை.

ஒரு நாள் அறை வாடகையை மிச்சம் பிடிக்க, நாள் முழுக்கச் சுற்றிவிட்டு ராத்திரியோடு ராத்திரியாக வத்தலக்குண்டுக்கு இறங்குவது அதில் ஒன்று. ஓட்டுகிறவனும் அதே பயணிதான், அவனும் தூங்கவில்லை. இறக்கத்தில் பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுவார்கள். முழுப் பாரமும் பிரேக்கில் விழும், சூடேறினால் பிடிக்காது. ஏறின கியரிலேயே இறங்கு என்று பழைய டிரைவர்கள் சொல்வது இதற்குத்தான்.

இன்னொன்று கூடாரம். அறையே வேண்டாம், புல்லில் படுத்துக்கொள்ளலாம் என்கிறார்கள். புதரிலும் புல்லிலும் இருக்கும் கண்ணுக்கே தெரியாத பூச்சி கடித்து வருவது ஸ்க்ரப் டைபஸ். நம் ஊரில் உண்ணிக் காய்ச்சல் என்கிறார்கள். கடித்த அன்று ஒன்றும் தெரியாது. பத்து நாள் வாக்கில்தான் காய்ச்சல் ஆரம்பிக்கும். அதற்குள் டூரே மறந்து போயிருக்கும். டெங்கு, டைபாய்டு என்று பார்த்து நாள் ஓடும். நான் சட்டையைக் கழற்றச் சொல்லி அக்குள், இடுப்பு, தொடை இடுக்கெல்லாம் பார்ப்பேன். பீடி நெருப்பு பட்ட மாதிரி ஒரு கறுப்புப் பொருக்கு இருக்கும். வலிக்காது, அரிக்காது, அதனால் அவனுக்கே தெரியாது. எல்லாருக்கும் அது இருக்கும் என்றும் சொல்ல முடியாது. சீக்கிரம் பிடித்துவிட்டால் டாக்ஸிசைக்ளின் என்ற விலை மலிவான மாத்திரையிலேயே அடங்கும், விட்டுவிட்டால் நுரையீரல், சிறுநீரகம் வரை போகும். மலைக்குப் போய் வந்து மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் என்றால், டாக்டர் கேட்காவிட்டாலும் “மலைக்குப் போயிருந்தேன்” என்று சொல்லுங்கள். படுப்பதென்றால் கீழே தடிமனான விரிப்பு, முழுக்கால் பேன்ட், திரும்பியதும் சுடுதண்ணீரில் துணி.

அனுமதி வாங்காமல், யாரோ காட்டின குறுக்குப் பாதையில் காட்டுக்குள் போய்த் தங்குவதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டுமா? 2018 மார்ச் 11 அன்று குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி 20 பேருக்கு மேல் இறந்தார்கள். தீக்காயத்தோடு மதுரை அரசு இராசாசி மருத்துவமனைக்கும் கொண்டுவந்தார்கள். இந்த ஊர் டாக்டர்களுக்கு மார்ச் மாதம், காய்ந்த புல் என்றாலே அது ஞாபகம் வரும். 2024-லிருந்து வனத்துறையே ட்ரெக் தமிழ்நாடு இணையதளத்தில் பாதைகளைப் பட்டியலிட்டு, வழிகாட்டியோடு அனுப்புகிறது. அந்தக் கட்டணத்தைக் கணக்கில் முதல் வரியாக எழுதுங்கள். தீக்காலத்தில் பாதையை மூடினால் வேறு தேதி பாருங்கள்.

போன பொங்கல் லீவுக்கு முன்னால் அந்த ஐவரில் இரண்டு பேர் கிளினிக்குக்கு வந்தார்கள். யாருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. பையில் என்னென்ன மாத்திரை வைத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்க வந்திருந்தார்கள். பாராசிட்டமால், ஓஆர்எஸ் பாக்கெட், பஸ் ஏற அரை மணி முன்னால் போட வாந்தி மாத்திரை என்று சீட்டில் எழுதிக்கொடுத்தேன்.

“போர்வை?” என்றேன்.

“ஆளுக்கு ஒரு கம்பளி வீட்டுல இருந்தே எடுத்துட்டுப் போறோம் சார். எங்க அம்மாச்சி கம்பளி, பூரா ரசகற்பூர வாசம். அதுக்குப் பயந்தே இவனுங்க ஜன்னலத் தொறந்து வச்சுருவாய்ங்க.”