வில்லுக்குள் இருக்கும் உயில்

சொத்து யார் யாருக்குப் போய்ச் சேர வேண்டும் என்று எழுதிவைக்கும் பத்திரத்தை உயில் என்கிறோம். 'தாத்தா உயில் எழுதிட்டாரா?' என்று கேட்பவருக்கு அது ஆங்கிலச் சொல் என்று தோன்றவே தோன்றாது, அந்த அளவுக்கு ஊறிவிட்டது. ஆங்கிலத்தில் அந்தப் பத்திரத்தின் பெயர் வில். அதுதான் நம் வாயில் உயில் ஆனது. 'ஐ வில் கோ' என்பதில் வரும் வில்லும் அதே வேரில் பிறந்ததுதான். உயிலுக்குத் தமிழில் விருப்பாவணம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள், மரண சாசனம் என்று எழுதுவதும் உண்டு. விருப்பாவணம்தான் எனக்குப் பிடித்தது. ஏனென்றால் வில் என்ற சொல்லின் முதல் பொருளே விருப்பம்.

பழைய ஆங்கிலத்தில் இது 'வில்லன்' என்ற வினை. விரும்புதல் என்று பொருள். (சினிமா வில்லனுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அவர் லத்தீனில் பண்ணை வீட்டைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தவர்.) எதிர்காலத்துக்கென்று ஒரு விகுதியோ இடைநிலையோ ஆங்கில வினைக்குக் கிடையாது. 'வருவேன்' என்பதில் நமக்கு ஒரு வகரம் போதும். ஆங்கிலம் வேறு வேலை பார்த்துக்கொண்டிருந்த சொற்களைக் கூப்பிட்டு எதிர்காலத்துக்கு நிறுத்தியது. அவை பழைய வேலையை இன்னும் முழுதாக விடவில்லை. எந்த இடத்தில் எதைப் போடுவது என்ற குழப்பமெல்லாம் அங்கிருந்துதான் வருகிறது.

அப்படி வந்த இன்னொரு சொல் ஷல். இதன் மூலப்பொருள் கடன்பட்டிருத்தல். ஜெர்மன் மொழியில் இதன் உறவுக்காரச் சொல்லான 'ஷுல்ட்' இன்றும் கடன், குற்றம் இரண்டையும் குறிக்கிறது. ஆக, வில் என்றால் ஆசை, ஷல் என்றால் கடமை. 1653இல் ஜான் வாலிஸ் என்பவர் லத்தீனில் எழுதிய ஆங்கில இலக்கணத்தில் இதற்கு ஒரு விதி வகுத்தார். முடிவிலிக்கு ∞ என்ற குறியைக் கொடுத்த அதே கணித அறிஞர்தான். தன்மையில் ஷல் என்றால் வெறும் எதிர்காலம், வில் என்றால் உறுதிமொழி அல்லது மிரட்டல். முன்னிலையிலும் படர்க்கையிலும் அப்படியே தலைகீழ். இதை வைத்து ஒரு பழைய நகைச்சுவை உண்டு. ஆற்றில் விழுந்த வெளியூர்க்காரர் ஒருவர் 'ஐ வில் ட்ரௌன், நோபடி ஷல் சேவ் மீ' என்று கத்தினாராம். மூழ்கப்போகிறேன், யாரும் காப்பாற்ற மாட்டார்களே என்று சொல்ல நினைத்தார். கரையில் இருந்தவர்கள் காதில் 'மூழ்கியே தீருவேன், எவனும் காப்பாற்றக் கூடாது' என்று விழுந்தது. சரி, அவர் விருப்பம் என்று விட்டுவிட்டார்கள்.

இன்று அந்த விதியைப் பேச்சில் யாரும் பார்ப்பதில்லை. ஷல் சட்டத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. இந்தியா மாநிலங்களின் ஒன்றியம் என்று சொல்லும் நம் அரசமைப்பின் முதல் உறுப்பில் வருவது ஷல்தான், அங்கே அதற்கு எதிர்காலப் பொருள் கிடையாது. சட்டத் தமிழில் ஷல் வருமிடத்தில் 'செய்தல் வேண்டும்' என்பார்கள். வேண்டு என்பதோ விரும்பு என்ற பொருளுள்ள சொல். விருப்பம் அங்கே எதிர்காலம் ஆனது, இங்கே கட்டாயம் ஆகிவிட்டது!

மூன்றாவது, 'கோயிங் டு'. இதில் நமக்கு மொழிபெயர்ப்பே தேவையில்லை. 'செய்யப் போகிறேன்' என்பதும் அதே போதல்தான். முதலில் கால் நடந்து போவதைச் சொன்ன தொடர், பிறகு நேரம் நடந்து போவதைச் சொல்ல ஆரம்பித்தது. 'அம்மாவைப் பார்க்கப் போகிறேன்' என்றால் இன்னும் இரண்டுமாகவே கொள்ளலாம். 'மழை வரப் போகிறது' என்பதைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். வருவதும் போவதும் ஒரே வினையில் நிற்கின்றன, நமக்கு உறுத்துவதே இல்லை. போதல் என்ற பொருள் அந்த அளவுக்குத் தேய்ந்துவிட்டது. மேகம் கறுத்திருப்பதைக் கண்ணால் பார்த்துவிட்டுச் சொன்னால் ஆங்கிலத்தில் 'கோயிங் டு', தமிழில் 'போகிறது'. முன்பே முடிவு செய்துவைத்த காரியத்துக்கும் இதுவே.

போன் அடிக்கிறது. 'ஐ வில் கெட் இட்' என்று எழுந்திருக்கிறார் ஒருவர். அந்த நொடியில் எடுத்த முடிவு, அதாவது விருப்பம், ஆகவே வில். இதே இடத்தில் நாம் 'நான் எடுக்கிறேன்' என்று நிகழ்காலத்தில் சொல்வோம். அதை அப்படியே கொண்டுபோய் 'ஐ ஆம் டேக்கிங்' என்பவர்கள் நம்மில் நிறைய. ஆனால் 'நாளைக்கு டாக்டரைப் பார்க்கிறேன்' என்பதற்கு அந்த 'ஆம்...இங்' சரியாகப் பொருந்தும், நேரம் வாங்கியாகிவிட்டது அல்லவா. ரயில், பேருந்து அட்டவணைக்கோ ஆங்கிலத்தில் வெறும் நிகழ்காலம் போதும். நமக்கு 'ஆறு மணிக்குப் புறப்படும்'.

நாம் அதிகம் சறுக்குவது வேறு இடத்தில். தமிழ் எதிர்காலத்துக்கு வழக்கத்தைச் சொல்லும் வேலையும் உண்டு. 'அப்பா தினமும் ஐந்து மணிக்கு எழுந்திருப்பார்' என்றால் அது நாளைய செய்தி இல்லை. அதை நினைத்துக்கொண்டே 'மை ஃபாதர் வில் கெட் அப்' என்று எழுதினால், கேட்பவர் அப்பா இனிமேல்தான் எழுந்திருக்கப் போகிறார் என்று நினைப்பார். ஊகத்தில் மட்டும் இரண்டு மொழியும் ஒத்துப்போகும். 'இந்நேரம் வீட்டில் இருப்பான்' என்பதற்கு 'ஹி வில் பி அட் ஹோம் பை நௌ'. நடப்பது இப்போது, சொல் எதிர்காலம்.

வில்லின் பழைய ஆசை இன்னும் நன்றாகத் தெரிவது எதிர்மறையில். கார் கிளம்பவில்லை என்றால் 'தி கார் வோன்ட் ஸ்டார்ட்' என்பார்கள், காருக்கு மனசில்லை என்பதுபோல. நாமும் 'வண்டி ஸ்டார்ட் ஆக மாட்டேங்குது' என்று அதன் பிடிவாதத்தைத்தானே திட்டுகிறோம்? மாட்டு என்பதற்கு முதலில் இயலுதல் என்று பொருள், மாட்டாமை என்றால் இயலாமை. முடியாது என்று சொன்ன சொல், மனமில்லை என்று சொல்லத் தொடங்கியது. 'அவன் வர மாட்டான்' என்கிற நாம் மழைக்கு மட்டும் 'வராது' என்று நிறுத்திக்கொள்கிறோம். மழைக்கு ஏது மனசு?

ஆகவே வில்லுக்குத் தமிழில் இதுதான் என்று ஒரே சொல்லைக் காட்ட முடியாது. பெயர்ச்சொல்லானால் விருப்பம், பத்திரமானால் விருப்பாவணம், துணைவினையானால் இடத்துக்கு ஏற்ப வகரமோ பகரமோ, சில சமயம் நிகழ்காலமோ. ஏன், இறந்தகாலமும் வரும். இன்னும் செருப்பைத் தேடிக்கொண்டிருப்பவர் போனில் 'இதோ வந்துட்டேன்' என்கிறாரே, அதற்கு ஆங்கிலத்தில் 'ஐ கேம்' என்றால் எடுபடாது. நமக்குத் தொல்காப்பியமே அனுமதி கொடுத்திருக்கிறது. வராத காலத்தையும் நடக்கிற காலத்தையும் இறந்த காலத்தில் சொல்வது 'விரைந்த பொருள' என்கிறது நூற்பா. சாப்பிடவே ஆரம்பிக்காதவனை, அவனோடு போக வேண்டிய ஒருவன் 'இன்னும் சாப்பிடலையா?' என்று அவசரப்படுத்துகிறான். அதற்கு அவன் சொல்லும் பதிலாக உரைகாரர்கள் தரும் எடுத்துக்காட்டு: 'உண்டேன், போந்தேன்.'