ஆன்டிகனி நாடகத்தை க்ளாஸ்ல எடுக்கிற டீச்சர்களுக்கு

கிரேக்க நாடகாசிரியர் சோஃபோக்ளீஸோட ஆன்டிகனிய க்ளாஸ்ல எடுக்கப்போற டீச்சர்கள் தயவுசெஞ்சு முதல் நாளே "ஆன்டிகனி நல்லவ, கிரியோன் கொடுங்கோலன்"னு போர்டுல எழுதிடாதீங்க. எழுதிட்டா பசங்க யோசிக்கிறதுக்கு ஒண்ணுமே மிச்சம் இருக்காது.

கதை தெரியாதவங்களுக்காக சுருக்கமா சொல்றேன். தீப்ஸ் நகரத்துல அண்ணன் தம்பி ரெண்டு பேரும் சண்டையில ஒருத்தரை ஒருத்தர் கொன்னுடறாங்க. அடுத்து ராஜாவாகிற தாய்மாமன் கிரியோன், ஊருக்காக நின்னவனுக்கு முறைப்படி அடக்கம், படையெடுத்து வந்த பாலினைசீஸோட உடம்பை யாரும் தொடக்கூடாதுன்னு உத்தரவு போடுறாரு, கூடப்பிறந்த ஆன்டிகனி அதை மீறிப் போய் மண்ணு தூவுறா. கி.மு. 441 வாக்குல ஏதென்ஸ்ல அரங்கேறின நாடகம்.

நான் எப்பவும் கோரஸ்லேர்ந்துதான் ஆரம்பிப்பேன். கோரஸ்னா மேடையில சேர்ந்து பேசற, பாடற கூட்டம், இதுல அது தீப்ஸ் ஊர்ப் பெரியவங்க. 15 பசங்களை நெருக்கமா நிக்கவெச்சு, ஒண்ணா மூச்சு இழுத்து ஒரே வரிய சேர்ந்து சொல்லச் சொல்லுவேன். அடுத்து கிரியோனா நடிக்கிற பையன் நடுவுல வந்து ஒவ்வொருத்தர் முகத்தையும் பாத்துக்கிட்டே நடக்கணும், அவங்க அதே வரிய சொல்லணும். சத்தம் தானா இறங்கிடும், ரெண்டு மூணு பேர் தரையப் பாக்க ஆரம்பிச்சிடுவாங்க. கிரியோனோட மகன் ஹீமோன் அப்பாகிட்ட, உங்க முகத்தைப் பாத்து ஜனங்க பயப்படறாங்க, இருட்டுல ஊரே அந்தப் பொண்ணுக்காக முணுமுணுக்குதுன்னு சொல்ற இடத்தை இதுக்கப்புறம் படிச்சுப் பாருங்க, விளக்கமே தேவைப்படாது.

இன்னொரு பயிற்சி, எனக்கு ரொம்பப் பிடிச்சது. ஒரு மூலையில ஒரு நாற்காலி, அது பாலினைசீஸோட உடம்பு. எதிர் மூலையில இன்னொண்ணு, உத்தரவை மீறினதுக்குத் தண்டனையா கிரியோன் ஆன்டிகனிய உயிரோட அடைச்சு வெச்ச குகை. தீர்க்கதரிசி டைரீசியஸ் எச்சரிச்சதும் கிரியோன் மனசு மாறுறாரு. கோரஸ் சொல்றது, முதல்ல பொண்ண விடுவி, அப்புறம் அடக்கம் பண்ணு. நாடகத்துல அவர் போறதோ முதல்ல உடம்புகிட்ட. அங்க கழுவி, எரிச்சு, மேடு கட்டி முடிச்சிட்டு குகைக்குப் போறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சுபோச்சு. பசங்க இதை நடந்து பாக்கும்போதுதான், ஏன் சார் இவர் முதல்ல அங்க போறாருன்னு கேக்கறாங்க. தப்ப சரி பண்ணணும்னு நினைச்சாரா, தெய்வத்துக்குப் பயந்தாரா, இல்ல அந்தப் பொண்ணு முகத்தைப் பாக்கத் தைரியம் இல்லையா? நீங்க பதில் சொல்லிடாதீங்க, அவங்களே அடிச்சுக்கட்டும்.

இப்ப முக்கியமான விஷயம். இந்த நாடகத்துல ஆன்டிகனி, ஹீமோன், ராணி யூரிடிசி மூணு பேரும் தற்கொலை பண்ணிக்கிறாங்க. பசங்க ஆர்வத்துல அதை நடிச்சுக் காட்டறேன்னு வருவாங்க, விடாதீங்க. சோஃபோக்ளீஸே அந்தச் சாவுகளை மேடையில காட்டல, தூதுவன் வந்து சொல்றதோட சரி. அதே மாதிரி ஒருத்தர் சொல்லட்டும், மத்தவங்க கேக்கட்டும். முறை விவரமும் வேண்டாம். வீட்டுல சமீபத்துல சாவு நடந்த பிள்ளை க்ளாஸ்ல இருந்தா முன்னாடியே தனியா பேசிடுங்க, விருப்பம் இல்லேன்னா வேற வேலை குடுங்க, கட்டாயப்படுத்தாதீங்க.

இந்த சீனை பீரியட் கடைசியில வைக்கவே வைக்காதீங்க. பெல் அடிச்சதும் அதே மனநிலையோட அடுத்த க்ளாஸுக்கு ஓடிடுவாங்க. குறைஞ்சது 10 நிமிஷம் ஒதுக்கி, வட்டமா உக்காரவெச்சு, அவங்கவங்க சொந்தப் பேரைச் சொல்லவெச்சு, கேரக்டர்லேர்ந்து வெளிய கூட்டிட்டு வந்து அனுப்புங்க.