தொப்புள்கொடி ரத்தத்தைக் காசு கட்டிச் சேமிக்க வேண்டுமா?

வளைகாப்பு முடிந்து செக்கப்புக்கு வரும்போதே பலர் கையில் ஒரு வழவழப்பான நோட்டீஸ் இருக்கிறது. புது ரத்தத்தை உருவாக்கும் ஸ்டெம் செல்கள் (மூல செல்கள்) இருக்கும் தொப்புள்கொடி ரத்தத்தை எடுத்து உறைய வைத்தால் பின்னாளில் குழந்தைக்கு எந்த நோய் வந்தாலும் கைகொடுக்குமாம். ஈஎம்ஐ வசதியும் உண்டு. "ஜீனையே வெட்டி ஒட்டுறாங்கன்னு டிவியில சொன்னாங்களே டாக்டரம்மா, நகைய வெச்சாவது கட்டிருவோம்" என்றார் உசிலம்பட்டியிலிருந்து மருமகளைக் கூட்டி வந்திருந்த ஒரு மாமியார்.

டிவியில் சொன்னது உண்மைதான். 2023 நவம்பரில் பிரிட்டனும் அடுத்த மாதமே அமெரிக்காவும் காஸ்கெவி என்ற மரபணு சிகிச்சைக்கு அனுமதி கொடுத்தன. ஹீமோகுளோபினில் கோளாறு இருக்கும் சிக்கிள் செல், தலசீமியா ஆகிய பரம்பரை ரத்த நோய்களுக்கானது. குழந்தை பிறந்த பிறகு, கருவில் இருந்தபோது உருவான ஹீமோகுளோபினை நிறுத்தி வைப்பது பிசிஎல்11ஏ என்ற மரபணு. கிரிஸ்பர் என்ற மரபணு வெட்டும் முறையில் ரத்த ஸ்டெம் செல்களில் அதை அடக்கிவிட்டால் பழைய ஹீமோகுளோபின் மறுபடி ஊறத் தொடங்குகிறது. சரி, அந்த ஸ்டெம் செல் எங்கிருந்து வருகிறது? சிகிச்சை என்று முடிவான பிறகு, நோயாளியின் ரத்தத்திலிருந்தே பிரித்தெடுக்கிறார்கள். மும்பை ஐஐடியும் டாடா நினைவு மையமும் சேர்ந்து உருவாக்கிய ரத்தப் புற்றுநோய் சிகிச்சையான நெக்ஸ்கார்19-உம் நோயாளியின் சொந்த டி செல்களை, அதாவது நோய் எதிர்ப்பு செல்களைத்தான் நம்பியிருக்கிறது. இரண்டிலும் தொப்புள்கொடிக்கு வேலையே இல்லை.

நோட்டீஸில் போடாத இன்னொரு விஷயம்: தலசீமியாவோடு பிறந்த குழந்தையின் தொப்புள்கொடி ரத்தத்திலும் அதே கோளாறுதான் இருக்கும். 1988-ல் பாரிஸில் நடந்த முதல் தொப்புள்கொடி ரத்த மாற்று சிகிச்சையில்கூட, அந்தச் சிறுவனுக்குக் கொடுத்தது அவன் தங்கையின் ரத்தம். அதனால் வீட்டில் மூத்த பிள்ளைக்கு இப்படி ஒரு நோய் இருந்தால் அடுத்த பிள்ளையின் ரத்தத்தைச் சேமிப்பதில் அர்த்தம் உண்டு, நானே எழுதிக் கொடுப்பேன். மற்றபடி, தனியார் வங்கியில் காசு கட்டிச் சேமிப்பதை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலான ஐசிஎம்ஆர் பரிந்துரைப்பதில்லை.

பிரசவ அறையில் நடப்பதையும் சொல்கிறேன். குழந்தையை அம்மாவின் வயிற்றின் மேல் போட்டதும் கொடி உடனே அடங்கிவிடாது. விரலை வைத்தால் துடிப்பு தெரியும். நீலம் பாய்ந்து தடித்திருக்கும் கொடி, கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்துத் துவளும். அந்த ஒன்றிரண்டு நிமிடத்தில் 80 முதல் 100 மில்லி ரத்தம் வரை குழந்தைக்குள் போகிறது, முதல் சில மாதங்களுக்கு வேண்டிய இரும்புச்சத்தோடு. குறைந்தது ஒரு நிமிடமாவது பொறுத்துக் கிளிப் போடச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். சேமிப்புக்கு ரத்தம் பிடிக்கும் பை நிறைய வேண்டும் என்று அவசரப்பட்டால், குழந்தைக்குப் போக வேண்டியதுதான் பைக்குப் போகும். ரத்தசோகை இல்லாத கர்ப்பிணியைப் பார்ப்பதே அபூர்வமான எங்கள் ஓபியில் இது சின்ன விஷயம் இல்லை.

செலவு செய்தே ஆக வேண்டும் என்றால் ஹெச்பிஏ2 என்ற ரத்தப் பரிசோதனைக்குச் செய்யுங்கள். சேமிப்புக் கட்டணத்தோடு பார்த்தால் அது சில்லறைக் காசு. நீங்கள் பீட்டா தலசீமியா கேரியரா, அதாவது நோய் இல்லாமல் அதன் மரபணுவை மட்டும் சுமப்பவரா என்று பெரும்பாலும் சொல்லிவிடும். மாமன் மகனையோ அத்தை மகனையோ கட்டியிருந்தால் கட்டாயம் பாருங்கள். கணவன், மனைவி இருவருமே கேரியர் என்றால் 11-வது வாரம் முதல் நஞ்சுக்கொடித் திசுவை எடுத்துக் குழந்தைக்கு நோய் இருக்கிறதா என்று பார்த்துவிடலாம். அப்புறம், இதை வளைகாப்புக்குப் பிறகு வந்து கேட்டால் பிரயோஜனமில்லை. நாள் தள்ளிப்போன கையோடு வாருங்கள்.