நிழலை அளக்கும் நிருபர்கள்

செய்தியை முந்தித் தருவதுதான் ஒரு காலத்தில் நிருபரின் பெருமை. இப்போது அந்தப் பெருமை கைபேசி வைத்திருக்கும் எவருக்கும் கிடைக்கும். 2009 ஜனவரி 15 அன்று நியூயார்க்கின் ஹட்சன் ஆற்றில் ஒரு பயணிகள் விமானம் இறங்கியது. அதன் இறக்கைமேல் மக்கள் நிற்கும் படத்தை உடனே ட்விட்டரில் போட்டவர், மீட்கப் போன படகில் இருந்த சாதாரணப் பயணி. வெள்ளமோ போரோ, இன்று முதல் காட்சி பெரும்பாலும் இப்படித்தான் வருகிறது. நிருபருக்கு மிஞ்சியிருப்பது, என் பார்வையில் முன்பைவிடக் கனமான வேலை: இது உண்மையா என்று கண்டுபிடிப்பது.

முன்பு சரிபார்த்துவிட்டு அச்சிட்டார்கள். இப்போது பரவியதைத் துரத்திக்கொண்டுபோய்ச் சரிபார்க்க வேண்டியிருக்கிறது. அந்த ஓட்டம் எவ்வளவு கடினம் என்பதை 2018-ல் 'சயின்ஸ்' இதழில் வெளியான, அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழக ஆய்வு காட்டியது. 2006 முதல் 2017 வரை ட்விட்டரில் சுமார் 30 லட்சம் பேர் பரப்பிய தகவல்களை ஆய்வாளர்கள் அலசினார்கள். 1,500 பேரைச் சென்றடைய, பொய்யைவிட உண்மைக்கு ஏறக்குறைய ஆறு மடங்கு நேரம் பிடித்தது. மென்பொருள் தானாக இயக்கும் ட்விட்டர் கணக்குகளை நீக்கிவிட்டுப் பார்த்தபோதும் இதுதான் நிலைமை. புதிதாகவும் அதிர்ச்சியாகவும் இருப்பதை மனிதர்களே விரும்பிப் பகிர்கிறார்கள்.

சரி, கைக்கு வந்த ஒரு வீடியோவை எப்படிச் சோதிப்பது? எடுத்த தேதி, இடம் போன்ற விவரங்களைக் கைபேசி கோப்புக்குள்ளேயே பதிந்து வைக்கும். ஆனால் சமூக ஊடகங்களில் ஏற்றும்போது அவை பெரும்பாலும் நீக்கப்பட்டுவிடும். ஆகவே காட்சியில் தெரிவதை வைத்தே துப்புத் துலக்க வேண்டும். பழைய வீடியோவைப் புதியது என்று யாராவது சுற்றில் விட்டிருந்தால், படத்தைக் கொடுத்துத் தேடும் வசதியிலேயே மாட்டிக்கொள்ளும். வேறெங்கும் வராத வீடியோ என்றால்தான் சிக்கல்.

2018 ஜூலையில் அப்படி ஒன்று பரவியது. ராணுவ உடையில் இருந்தவர்கள் இரண்டு பெண்களையும் இரண்டு சிறு குழந்தைகளையும் நடத்திக்கொண்டுபோய்ச் சுட்டுக்கொல்லும் கொடூரமான காட்சி. அவர்கள் ஆப்பிரிக்க நாடான கேமரூனின் ராணுவத்தினர் என்று சொல்லப்பட்டது. பொய்ச் செய்தி என்று முதலில் தள்ளிவிட்டது அந்நாட்டு அரசு.

பிபிசியின் ஆப்பிரிக்கப் புலனாய்வுக் குழு முதலில் பிடித்துக்கொண்டது பின்னணியில் தெரிந்த மலைத்தொடரை. அதன் ஏற்ற இறக்கக் கோட்டைக் கூகுள் எர்த் என்ற செயற்கைக்கோள் வரைபடத்தில் ஒப்பிட்டுத் தேடியபோது, வட கேமரூனின் செலெவெட் என்ற ஊருக்கு அருகே அப்படியே பொருந்தியது. இடம் கிடைத்துவிட்டது. எப்போது? வீடியோவில் தெரிந்த கட்டடங்கள் எந்தெந்தச் செயற்கைக்கோள் படங்களில் இருக்கின்றன, எவற்றில் இல்லை என்று பார்த்து ஆண்டை நெருங்கினார்கள். காட்சியில் இருந்த ஒற்றையடிப் பாதை கடும் வெயில் மாதங்களில் மட்டும் தெரிவது.

அப்புறம் நிழல். நடந்துபோகும் ஆளின் உயரத்தையும் நிழலின் நீளத்தையும் ஒப்பிட்டால், சூரியன் வானில் எவ்வளவு உயரத்தில் இருந்தது என்று தெரியும். நிழல் விழும் பக்கத்துக்கு நேர் எதிரில் சூரியன். ஓர் இடத்தில் இந்த உயரமும் திசையும் ஒருசேர அமைவது ஆண்டுக்கு இரண்டு காலகட்டங்களில்தான். அவற்றில் எது என்பதைப் பருவம் சொல்லிவிடும். கணக்குப் போட்டுப் பார்த்ததில் 2015 மார்ச் 20-க்கும் ஏப்ரல் 5-க்கும் இடையே என்று வந்தது. எதேச்சையாகப் பதிவான நிழலுக்குள் ஒரு குற்றத்தின் தேதி இருந்திருக்கிறது என்பது இப்போது நினைத்தாலும் எனக்கு வியப்புதான்.

இந்த ஆதாரங்களைப் பிபிசி ட்விட்டரிலேயே படிப்படியாக வெளியிட்டது. எந்த மலை, எந்தக் கட்டடம், எந்த நிழல் என்று எல்லாமே கண்முன் இருந்ததால், சந்தேகப்பட்டவர் தானே வரைபடத்தைத் திறந்து ஒப்பிட்டுக்கொள்ளலாம். பத்திரிகையின் பெயரை நம்பி ஏற்றுக்கொள்ளச் சொன்ன பழைய முறையிலிருந்து இது பெரிய நகர்வு. சமூக ஊடகம் இதழியலுக்குச் செய்த நல்ல காரியம் ஒன்று உண்டென்றால் அது ஆதாரத்தைக் காட்டியே ஆக வேண்டிய இந்தக் கட்டாயம்தான் என்பேன். 2020 செப்டம்பரில் கேமரூன் ராணுவ நீதிமன்றம் அந்தக் கொலைகளுக்காக நான்கு வீரர்களுக்குத் தலா 10 ஆண்டு சிறைத்தண்டனை விதித்தது.